எதற்காகப் பின்பற்றுகிறோம், எப்படிக் காத்திருப்பது

யோபு புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் சாத்தான் தேவனிடம் ஒரு கேள்வி கேட்கிறான்: "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" நீர் அவனைச் சுற்றி வேலி அடைத்து வைத்திருக்கிறீர், சொத்து பெருகியிருக்கிறது, அதையெல்லாம் எடுத்துப் பாரும், அப்புறம் தெரியும் என்கிறான். கேட்டவன் கெட்டவன்தான், ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ஆண்டவரைப் பின்பற்றுகிறேன் என்று சொல்லும் ஒவ்வொருவரும் யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் இதைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எப்படிக் கேட்பது? ஒரு தாளை எடுத்து, சமீபமாக என்னென்ன விஷயங்களுக்காக ஜெபித்தீர்கள் என்று அப்படியே எழுதுங்கள். வேலை, திருமணம், பிள்ளை, சுகம், கடன், எதுவாக இருந்தாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "இது கிடைக்கவே இல்லையென்றால்?" என்று எழுதி, அதற்குப் பதிலையும் எழுதுங்கள். சபையில் சாட்சி சொல்லும்போது சொல்வீர்களே, அந்தப் பதில் வேண்டாம். கோபம் வரும், ஜெபிப்பதை விட்டுவிடுவேன், அவர் இருக்கிறாரா என்றே சந்தேகப்படுவேன் என்று வந்தால் அதையே எழுதுங்கள், யாரும் பார்க்கப் போவதில்லை. பார்க்கிற ஒருவருக்கு அது முன்பே தெரியும்.

இதைப் படித்துவிட்டு, தேவைகளுக்காக ஜெபிப்பதே தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றன்றைக்கான அப்பத்தைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவரே இயேசுதான். யோவான் 6-ஆம் அதிகாரத்தில் ஐயாயிரம் பேருக்கு அவர் சாப்பாடு கொடுக்கிறார், மறுநாள் ஜனங்கள் படகேறி அவரைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எவ்வளவு பெரிய தாகம்! அவரோ, நீங்கள் அப்பம் சாப்பிட்டுத் திருப்தியானதால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார். அதே அதிகாரம் முடிவதற்குள் பலர் அவரை விட்டுப் போய்விடுகிறார்கள். அப்பத்துக்காக வந்தது அவர்கள் குற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை, பசித்தவன் அப்பத்துக்குத்தான் வருவான். அப்பம் கொடுத்தவரே தன்னைத் தருகிறேன் என்று சொன்னபோது அது வேண்டாம் என்று திரும்பிப் போனார்களே, அங்கேதான் சிக்கல்.

சரி, தாளைப் பார்த்ததும் மனம் உடைந்துபோகலாம். என் நோக்கமே சரியில்லை, முதலில் இதைச் சுத்தப்படுத்திக்கொண்டு பிறகு ஆண்டவரிடம் போகிறேன் என்று தோன்றும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். முழுக்கச் சுத்தமான நோக்கத்தோடு அவரிடம் வந்த சீஷன் ஒருவனையும் சுவிசேஷங்களில் நான் காணவில்லை. தம்முடைய மரணத்தைப் பற்றி இயேசு பேசி முடித்த கையோடு, உமது மகிமையில் ஒருவன் வலதுபக்கம், ஒருவன் இடதுபக்கம் உட்கார வேண்டும் என்று யாக்கோபும் யோவானும் இடம் கேட்கிறார்கள். அவர்களை அவர் துரத்திவிடவில்லை, நீங்கள் கேட்பது இன்னதென்று உங்களுக்குத் தெரியவில்லை என்று சொல்லி, கூடவே வைத்துக்கொண்டார். ஆகவே கலந்துகிடக்கிற நோக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். வேண்டுதலைச் சொல்லும்போது, அதற்குள் ஒளிந்திருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "இந்த வேலையைத் தாரும் ஆண்டவரே. குடும்பத்துக்கு வேண்டும், அது உண்மை. என்னை மட்டமாகப் பேசினவர்கள் முன்னால் தலைநிமிர வேண்டும் என்பதும் உண்மை." இப்படி ஜெபித்துப் பழகினால் முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் 139-ஆம் சங்கீதத்தின் கடைசியில் தாவீது கேட்பது இதைத்தான், என்னை ஆராய்ந்து பாரும், என்னைச் சோதித்துப் பாரும் என்று. சோதித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு அலமாரியைப் பூட்டி வைக்க முடியாது.

இன்னொன்று, மறைவில் செய்வது. மத்தேயு 6-இல் தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றுக்கும் ஆண்டவர் ஒரே விதியைத்தான் வைக்கிறார், மனுஷர் காண வேண்டும் என்று செய்யாதே, அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா போதும். இதைக் கைக்கொள்ள மிகச் சுலபமான வழி, யாருக்கும் சொல்லாத ஒரு நன்மையை எப்போதும் கையில் வைத்திருப்பது. ஒருவருக்கு உதவுங்கள், அதைச் சாட்சியாகக்கூடச் சொல்லாதீர்கள், தேவனுக்கு மகிமையாகச் சொல்கிறேன் என்ற பெயரிலும் சொல்லாதீர்கள். சொல்லாமல் இருக்க எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதை வைத்தே நிறைய புரிந்துவிடும். ஊழியத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். கூட்டத்தில் பலர் முன்னால் ஜெபிக்கும்போது உங்கள் வார்த்தைகள் எப்படி மாறுகின்றன என்று கவனியுங்கள். அறையில் தனியாக "அப்பா, முடியல" என்று ஜெபித்தவர், நான்கு பேர் கேட்டுக்கொண்டிருந்தால் "சர்வ வல்லமையுள்ள எங்கள் பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்து, குரலை உயர்த்தி, வசனமாக அடுக்கிக்கொண்டு போவார். அந்த வார்த்தைகளில் தவறில்லை, யார் காதுக்காக அவை வருகின்றன என்பதுதான் கேள்வி. அதேபோல, நன்றி சொல்லும் நேரத்தில் உங்கள் பெயர் விட்டுப்போனால் உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

நோக்கம் சரியாகிவிட்டால் காத்திருப்பது எளிதாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். உண்மையில் காத்திருக்கும்போதுதான் நோக்கமே வெளியே வருகிறது.

இஸ்ரவேலின் ராஜா சவுலைப் பாருங்கள், 1 சாமுவேல் 13. நான் வந்து பலி செலுத்தும்வரை காத்திரு என்று தீர்க்கதரிசி சாமுவேல் குறித்த ஏழு நாள் காத்திருக்கிறான். எதிரில் மிக்மாசில் பெலிஸ்தர் கடற்கரை மணலைப் போலக் குவிந்திருக்கிறார்கள், தன் ஜனங்களோ கெபிகளிலும் குகைகளிலும் ஒளிந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிப் போகிறார்கள், கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய 600 பேர். சாமுவேல் வரவில்லை. பலியை என்னிடம் கொண்டுவாருங்கள் என்று சொல்லித் தானே செலுத்திவிடுகிறான். அவன் செலுத்தி முடிக்கிறான், சாமுவேல் வந்து நிற்கிறார். இதில் எனக்குப் பயமாக இருக்கும் விஷயம், சவுல் செய்தது பார்வைக்குப் பக்தியான காரியம். பலிதானே செலுத்தினான், விக்கிரகத்தையா வணங்கினான்? நம்முடைய அவசரமும் பெரும்பாலும் இப்படிப் பக்தி வேஷத்தில்தான் வரும். கர்த்தர் கதவைத் திறந்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டே நாம் தள்ளித் திறந்த கதவுகள் உண்டு. அதனால் பெரிய முடிவு எடுக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை இன்றைக்கே செய்தாக வேண்டும் என்று எனக்குச் சொல்வது பயமா, ஆண்டவரா? பயம் என்றால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள், உங்களிடம் முகத்துக்கு நேரே பேசக்கூடிய ஒரு மூத்த விசுவாசியிடம் சொல்லுங்கள்.

சந்ததி தருவேன் என்று தேவனிடம் வாக்குப் பெற்ற ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75, ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் 86 வயதில் ஆகார் மூலம் இஸ்மவேல் பிறந்தான், தாமதத்தைத் தாங்க முடியாமல் அவர்களே போட்ட குறுக்குவழி, அதன் வலியை ஒரு அடிமைப்பெண்ணும் அவள் பிள்ளையும் சுமந்தார்கள். அப்படியிருந்தும் தேவன் வாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

காத்திருக்கும் நாட்களில் என்ன செய்வது என்பதற்கு எரேமியா 29-ஐ விட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற 11-ஆம் வசனத்தைப் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே பாபிலோனில் கண்ணை மூடியிருப்பார்கள். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி சொன்னான், கேட்கவும் இனிமையாக இருந்தது, அது பொய். கர்த்தர் சொன்னதோ, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று. ஆகவே திருமணம் கூடிவரும்வரை, வேலை கிடைக்கும்வரை என்று வாழ்க்கையை நிறுத்தி வைக்காதீர்கள். படிக்க வேண்டியதைப் படியுங்கள், விண்ணப்பம் போட வேண்டிய இடத்துக்குப் போடுங்கள், வீட்டுக்கு வந்தவரை உபசரியுங்கள். உடம்பு சரியில்லையென்றால் மருத்துவரிடம் போங்கள், மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் இல்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்று எழுதியவர் பவுல்.

மனம் தாங்காத நாளும் வரும். அன்றைக்கு 13-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். மொத்தமே ஆறு வசனம், அதில் முதல் இரண்டிலேயே "எதுவரைக்கும்" என்று தாவீது திரும்பத் திரும்பக் கேட்கிறான். புலம்பல் விசுவாசத்துக்கு எதிரி கிடையாது, பேசுவதை நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. பதில் "இல்லை" என்றும் வரலாம். தன் மாம்சத்தில் ஒரு முள் என்று பவுல் சொன்ன வேதனை நீங்க அவர் மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற வார்த்தைதான் வந்தது. உனக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால், பவுலுக்கும் அதைச் சொல்வீர்களா என்று கேளுங்கள்.

கடைசியாக, மற்றவரைப் பார்ப்பது. நீங்கள் காத்திருக்கும் அதே காரியம் பின்னால் வந்தவருக்குச் சுலபமாகக் கிடைத்துவிடும், அந்த வலி தனி வலி. உயிர்த்தெழுந்த ஆண்டவர் பேதுருவிடம் அவன் எப்படி மரிப்பான் என்று சொன்னதும், அவன் திரும்பி யோவானைக் காட்டி, இவன் காரியம் என்ன என்று கேட்கிறான். "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்கிறார். அதனால் அவர்களுடைய சந்தோஷத்துக்குப் போய் நில்லுங்கள், வாழ்த்துங்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வாய் வாழ்த்திய பிறகும் மனம் வாழ்த்த நாளாகலாம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "எனக்கு இன்னும் சந்தோஷம் வரவில்லை ஆண்டவரே" என்று அவரிடமே சொல்லிவிட்டுப் படுங்கள்.