ஏஎஸ்ஓ ரிப்போர்ட்டைப் பார்த்து நாம் செய்யும் தவறுகள்

"குழந்தைக்குக் கால் வலி என்று போனோம், ரத்தம் எடுத்தார்கள், ஏஎஸ்ஓ 400 என்று வந்திருக்கிறது, 200-க்குள் இருக்க வேண்டுமாமே, இதயத்துக்கு ஏதாவது ஆகிவிடுமா?" பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பெற்றவர்களில் பலர் ஏதோ ஒரு நாள் இப்படிப் பதறியிருப்பார்கள். பதற்றம் புரிகிறது. ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்து வருடக்கணக்கில் ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அந்த எண் நார்மல் என்பதால் உண்மையான நோய் கண்ணில் படாமல் போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டையும் தவிர்க்கலாம்.

முதலில் இந்த டெஸ்ட் எதை அளக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜினஸ் என்ற பாக்டீரியா தொண்டையில் வளரும்போது ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்ற நச்சை வெளியிடுகிறது, அது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது. அந்த நச்சுக்கு எதிராக நம் உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள்தான் ஏஎஸ்ஓ. 1932-இல் டாட் என்ற ஆய்வாளர் இதை அளக்க வழி சொன்னதிலிருந்து இன்றுவரை இது சொல்வது ஒன்றுதான்: இந்தக் கிருமி சமீபத்தில் உடம்புக்குள் வந்து போயிருக்கிறது. கிருமி இப்போது இருக்கிறதா, அதனால் இதயமோ சிறுநீரகமோ கெட்டிருக்கிறதா என்பதெல்லாம் இதில் தெரியாது.

அதனால் தொண்டை வலி வந்த அன்றே ஏஎஸ்ஓ எடுப்பதில் பயனே இல்லை. எதிர்ப்பொருள் ஏற ஆரம்பிக்கவே ஒரு வாரம் ஆகும், உச்சத்துக்குப் போக மூன்றிலிருந்து ஐந்து வாரம். இன்றைய தொண்டை வலிக்குக் காரணம் ஸ்ட்ரெப்பா, அதாவது இந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியா என்று தெரிய வேண்டுமானால் தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்து எடுக்கும் ஸ்வாப் கல்ச்சரோ ரேப்பிட் டெஸ்ட்டோதான் வழி. ரத்த ரிப்போர்ட் நார்மல் என்று நம்பி நாளைக் கடத்துவது ஆபத்தும்கூட, ஏனென்றால் ஸ்ட்ரெப் தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் சரியான ஆன்டிபயாட்டிக்கை ஆரம்பித்தால் ருமாட்டிக் காய்ச்சலை, அதாவது ஸ்ட்ரெப் தொற்றுக்குப் பின் மூட்டையும் இதய வால்வையும் தாக்கக்கூடிய நோயை, பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

அடுத்தது நம் ஊரில் அதிகம் நடக்கிற தவறு, எண் கூடியிருந்தால் ருமாட்டிக் காய்ச்சல் என்று முடிவு கட்டுவது. ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் 200 பெரும்பாலும் பெரியவர்களுக்கான எல்லை. 5 முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு வகுப்பறை நெரிசலில் இந்தக் கிருமி அடிக்கடி தொற்றும், சில நேரம் காய்ச்சல்கூட இல்லாமல் வந்து போகும், அதனால் எந்த நோயும் இல்லாத பிள்ளைக்கே 200-ஐத் தாண்டியிருப்பது சகஜம். இரவில் இரண்டு காலும் வலிக்கிறது என்று அழும், தேய்த்துவிட்டால் தூங்கிவிடும், காலையில் எழுந்து ஒன்றுமே நடக்காததுபோல ஓடும், மூட்டில் வீக்கமோ சூடோ கிடையாது. இது பெரும்பாலும் வளரும் வயதுக் கால் வலி. இந்தப் பிள்ளைக்கு ஏஎஸ்ஓ எடுத்து, 400 என்று வந்து, 21 நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி என்று ஆரம்பித்தால் என்ன ஆகும்? அந்த மருந்து கெட்டியானது, தடித்த ஊசியில் இடுப்புப் பக்கம் தசையில் போடுவார்கள், உண்மையிலேயே வலிக்கும். தேவையில்லாத பிள்ளைக்கு அதை வருடக்கணக்கில் போடுவதும், "உனக்கு ஹார்ட் பிரச்சினை, ஓடாதே" என்று மைதானத்திலிருந்து உட்கார வைப்பதும் எனக்குக் கொடுமையாகத்தான் படுகிறது.

ருமாட்டிக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க ஜோன்ஸ் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, 1944-இல் வந்தது, 2015-இல் திருத்தப்பட்டது. இதயம் பாதிப்பது, முழங்கால், கணுக்கால் போன்ற பெரிய மூட்டுகள் ஒன்று மாற்றி ஒன்று வீங்குவது, கை கால் தானாக ஆடும் கொரியா, தோலில் வளையம் வளையமாகச் சிவப்பு, தோலுக்கடியில் வலியில்லாத சிறு முடிச்சுகள் ஆகியவை முக்கிய அறிகுறிகள். காய்ச்சல், கூடிய ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள்), ஈசிஜியில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் ஆகியவை துணை அறிகுறிகள். ஏஎஸ்ஓ இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. அறிகுறிகள் பொருந்தி வந்தபிறகு, ஸ்ட்ரெப் வந்து போனதற்கான சாட்சியாக மட்டுமே அது வருகிறது. ஆனால் இந்த நோய் அதிகம் உள்ள நாடுகளில், வீக்கமே இல்லாமல் பல மூட்டுகள் வலிப்பதைக்கூட, வேறு காரணம் இல்லையென்றால், முக்கிய அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2015 திருத்தம் சொல்கிறது. அதனால் காய்ச்சலோடு வரும் மூட்டு வலியை அலட்சியம் செய்யக் கூடாது, டாக்டர் தொட்டுப் பார்த்து, இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவும் எடுத்து முடிவு செய்ய வேண்டும். அங்கே போவதற்கு முன் வீட்டிலிருக்கிற ஐபுப்ரூஃபன் மாதிரி வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், அதில் ருமாட்டிக் மூட்டு வலி ஓரிரு நாளில் மாயமாய் அடங்கிவிடும், டாக்டர் பார்க்கும்போது தடயமே இருக்காது.

எதிர்ப்பக்கத் தவறு, ஏஎஸ்ஓ நார்மல் என்றால் கவலையில்லை என்று விட்டுவிடுவது. உண்மையான ருமாட்டிக் காய்ச்சலிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏஎஸ்ஓ கூடியிருக்காது. கொரியா இன்னும் ஏமாற்றும், அது தொற்று வந்து பல மாதம் கழித்துத் தலைகாட்டலாம், அதற்குள் எண் இறங்கியிருக்கும். நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் கையெழுத்து திடீரென்று கோணலாகும், டம்ளர் கையிலிருந்து நழுவும், காரணமில்லாமல் அழும், வீட்டில் "சேட்டை" என்று திட்டு விழும். பழைய நோட்டையும் இந்த வார நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணில் அடிக்கும். அந்த இரண்டு நோட்டையும் கையோடு டாக்டரிடம் எடுத்துப்போங்கள்.

இதே கிருமியால் சிறுநீரகம் பாதிக்கும்போது கதை வேறு. பல பிள்ளைகளுக்குத் தொற்று தொண்டையில் இருப்பதில்லை, காலில் சிரங்கு, சொறிந்து சீழ் வைத்த புண் என்று தோலில் இருக்கும். தோலில் உள்ள கொழுப்புப் பொருட்கள் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ நச்சைச் செயலிழக்கச் செய்துவிடுவதால், தோல் தொற்றில் ஏஎஸ்ஓ சரியாக ஏறாது. அங்கே உதவுவது ஆன்டி டிஎன்ஏஸ் பி என்ற இன்னொரு டெஸ்ட், எல்லா லேபிலும் கிடைக்காது, ஆனால் கேட்டுப் பார்க்கலாம். தொண்டைத் தொற்றுக்குப் பத்து நாள் வாக்கில், தோல் புண்ணுக்கு மூன்று வாரம் கழித்து, காலையில் கண் இமை வீங்கி முகம் உப்பி, சிறுநீர் கோலா நிறத்தில் வந்தால் அது சிறுநீரக அழற்சியாக இருக்கலாம். அப்போது அவசரமாகத் தேவைப்படுவது பிளட் பிரஷர், சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சி3 என்கிற ரத்தப் புரத அளவு. சி3 இந்த நோயில் குறைந்து ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பழைய நிலைக்கு வரும், வராவிட்டால் வேறு சிறுநீரக நோயா என்று தேட வேண்டும். குழந்தைக்குப் பிரஷர் பார்க்கச் சொல்லத் தயங்காதீர்கள், இந்த நோயில் பிரஷர் எகிறி வலிப்பு வரை போவதுண்டு.

அப்புறம், மாதாமாதம் ஏஎஸ்ஓ எடுத்து எண் இறங்குகிறதா என்று பார்ப்பது. வேண்டாம். ஏறிய எண் இறங்கப் பல மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட. பென்சிலின் கிருமியைக் கொல்லும், ஏற்கெனவே உருவான எதிர்ப்பொருளை இறக்காது. இதைவிட மோசமானது, ருமாட்டிக் காய்ச்சல் என்று உறுதியான பிள்ளைக்கு எண் நார்மலாகிவிட்டது என்று சொல்லி ஊசியை நிறுத்துவது. அந்த ஊசி அடுத்த தொற்று வராமல் தடுக்கப் போடுவது. அடுத்த தொற்று வந்தால் வால்வு இன்னும் கெடும். எத்தனை வருடம் என்பதை இதயம் எந்த அளவு பாதித்தது என்பதைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார், வால்வு கெட்டிருந்தால் 40 வயது வரையோ அதற்கு மேலுமோ போகலாம்.

லேப் விஷயமும் ஒன்று சொல்ல வேண்டும். பல சின்ன லேப்களில் செய்வது லேட்டெக்ஸ் முறை. கறுப்புக் கண்ணாடியில் ஒரு சொட்டு சீரம், பக்கத்தில் பால் போன்ற ஒரு சொட்டு ரீஏஜென்ட், இரண்டையும் கலந்து இரண்டு நிமிடம் ஆட்டி, திரிகிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். திரிந்தால் சீரத்தைப் பாதி பாதியாக நீர்க்கச் செய்து மறுபடி பார்ப்பார்கள். அதனால்தான் 200, 400, 800 என்று இரட்டிப்பாகவே எண் வரும். 200-க்கும் 400-க்கும் உள்ள தூரம் அங்கே ஒரே ஒரு படி. பெரிய லேபில் மெஷின் கொடுக்கும் 287-ஐ இந்த 400-உடன் ஒப்பிட்டு "குறைந்துவிட்டது" என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை. உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரம் இடைவெளி விட்டு, அதே லேபில் அதே முறையில் இரண்டாவது முறை எடுங்கள். தெளிவாக ஏறியிருந்தால், ஒற்றை எண்ணைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது இவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள்: கடைசியாகத் தொண்டை வலியோ தோல் புண்ணோ எப்போது வந்தது, என்ன ஆன்டிபயாட்டிக் எத்தனை நாள் கொடுத்தீர்கள், எந்த மூட்டு முதலில் வலித்தது, காய்ச்சல் எவ்வளவு. ஆரம்பத்திலேயே ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் ஏஎஸ்ஓ ஏறாமலே இருக்கலாம் என்பதால் அதை மறக்காமல் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால், சிறுநீர் குறைந்துபோனால், முக வீக்கத்தோடு தலைவலியோ வாந்தியோ வந்தால், எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.