மருத்துவருக்குக் கடிதம் எழுதும்போது: பதவி, பட்டம், விளிப்பு

மருத்துவமனைக்குக் கடிதம் எழுத உட்காரும்போது முதலில் முடிவுசெய்ய வேண்டியது, எழுதுவது பதவிக்கா, ஆளுக்கா என்பதைத்தான். கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்பேடு) நகல், சான்றிதழ் திருத்தம், புகார் எல்லாம் பதவிக்குப் போகவேண்டியவை. நன்றிக் கடிதமும், தொடர்ந்து பார்க்கும் மருத்துவரிடம் கேட்கும் ஐயமும் ஆளுக்கு. அலுவல் கடிதத்தின் உறையில் பெயர் எழுதிவிட்டால், அந்த மருத்துவர் இடமாறுதலில் போயிருக்கும் நேரத்தில் அது பிரிக்கப்படாமலே கிடக்கும். பதவிப் பெயர் எழுதினால் அந்த இருக்கையில் இன்று இருப்பவர் பிரிப்பார்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் ஒரே துறையின் கீழ் இல்லை. இது தெரியாததால்தான் பல கடிதங்கள் அலைகின்றன. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தலைவர் ‘முதல்வர்’, பேச்சில் டீன். வெறும் ‘முதல்வர் அவர்கள்’ என்றால் கோட்டைக்கு எழுதியதுபோல் இருக்கும். ‘முதல்வர், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தஞ்சாவூர்’ என்று முழுதாக எழுதுங்கள். அங்கேயே அன்றாட நிர்வாகத்துக்கு நிலைய மருத்துவ அலுவலர் இருக்கிறார், ஆர்.எம்.ஓ. என்றால் எல்லாருக்கும் தெரியும். வட்ட மருத்துவமனை என்றால் ‘தலைமை மருத்துவ அலுவலர்’. அவருக்கு மேல் மாவட்டத்தில் ‘இணை இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்’. ஆரம்ப சுகாதார நிலையம் இந்த இணை இயக்குநரின் கீழ் வராது. அது பொது சுகாதாரத் துறையைச் சேர்ந்தது. வட்டார மருத்துவ அலுவலருக்கும், அவருக்கு மேல் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் எழுத வேண்டும்.

ஆளுக்கு எழுதும்போது பெயருக்கு முன் ‘மருத்துவர்’ அல்லது ‘டாக்டர்’, இரண்டில் ஒன்று போதும். அரசுக் கடிதங்களில் ‘மரு.’ என்ற சுருக்கமும் உண்டு. ‘திரு. டாக்டர்’, ‘டாக்டர் திருமதி’ என்று அடுக்குவது மரியாதையைக் கூட்டாது. டாக்டர் வந்த இடத்தில் திருவும் திருமதியும் விலகிக்கொள்ள வேண்டும். பெயருக்குப் பின் ‘அவர்கள்’ கட்டாயம். முனைவர் என்பது ஆராய்ச்சிப் பட்டத்துக்கு உரியது, எம்.டி. முடித்தவருக்கு அதைப் போடக்கூடாது. மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருப்பவருக்கு ‘பேராசிரியர் மருத்துவர்’ என்று எழுதலாம், ஏனென்றால் ஒன்று பதவி, மற்றது தொழில்.

பட்டங்களை நினைவிலிருந்து எழுதாதீர்கள். மருந்துச் சீட்டின் தலைப்பில் உள்ளதை உள்ளபடி எடுத்தெழுதுங்கள்: எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். என்ற வரிசையிலேயே. பல் மருத்துவருக்கு பி.டி.எஸ்., சித்த மருத்துவருக்கு பி.எஸ்.எம்.எஸ். ஒரு பட்டத்தை மாற்றிப் போடுவதைவிட ஒன்றும் போடாமலிருப்பது நல்லது.

விளிப்பு எளிது. ‘மதிப்பிற்குரிய ஐயா’ அல்லது ‘மதிப்பிற்குரிய அம்மையீர்’. பதவியில் இருப்பவர் ஆணா பெண்ணா தெரியாவிட்டால் ‘ஐயா / அம்மையீர்’. ‘மாண்புமிகு’ அமைச்சர்களுக்கும் நீதிபதிகளுக்கும் உரியது, இங்கே வேண்டாம். செவிலியருக்கு எழுதும்போது, நேரில் சிஸ்டர் என்று கூப்பிட்டாலும், தாளில் ‘செவிலியர்’ என்றே இருக்கட்டும். ஒரு வார்டின் செவிலியர்கள் அனைவருக்கும் நன்றி சொல்வதென்றால் செவிலியர் கண்காணிப்பாளருக்கு எழுதி, வார்டு எண்ணையும் தேதிகளையும் குறிப்பிடுங்கள். அவர்களுக்கு அப்படிக் கடிதம் வருவது குறைவு, கட்டாயம் எழுதுங்கள்.

விளிப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் ‘பொருள்’ வரி மங்கலாக இருந்தால் கடிதம் நகராது. ‘சிகிச்சை ஆவணம் வேண்டுதல் தொடர்பாக’ என்று மட்டும் எழுதினால், எழுத்தர் முழுக் கடிதத்தையும் படித்துத் தேட வேண்டியிருக்கும். இப்படி எழுதுங்கள்:

பொருள்: உள்நோயாளி எண் …, அனுமதி நாள் …, வீடு திரும்பிய நாள் … – கேஸ் ஷீட் நகல் வேண்டுதல் தொடர்பாக.

நோயாளிக்காக வேறொருவர் கேட்டால் உறவுமுறையை முதல் வரியிலேயே சொல்லி, நோயாளி கையெழுத்திட்ட ஒப்புதலை இணைக்க வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிமுறைகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ ஆவணம் கேட்டால் ஒப்புகை தந்து 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே உள்ளது. ஆகவே காலம் தாழ்த்தாதீர்கள். நேரில் கொடுத்தால் கடிதத்தின் இன்னொரு நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 72 மணியை எண்ணத் தொடங்க அதுதான் ஆதாரம்.

இலங்கைக்கு எழுதுவதென்றால் சொற்கள் மாறும். தமிழ்நாட்டில் ‘வைத்தியர்’ என்றால் நாட்டு மருந்து தருபவர் என்ற நினைவு வரும், அங்கே எம்.பி.பி.எஸ். படித்தவரும் வைத்தியர்தான். ‘வைத்திய கலாநிதி’ என்றும் எழுதுவார்கள். ‘கலாநிதி’ மட்டும் தனியே நின்றால் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவரைக் குறிக்கும். யாழ்ப்பாணத்தில் இருப்பது ‘போதனா வைத்தியசாலை’, அதன் தலைமைக்கு ‘பணிப்பாளர்’ என்று எழுத வேண்டும். சிறிய வைத்தியசாலைகளில் ‘வைத்திய அத்தியட்சகர்’.

லண்டனில் அறுவை சிகிச்சை நிபுணருக்கு எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே அவர்களை டாக்டர் என்று எழுதுவதில்லை. மிஸ்டர், மிஸ், மிஸஸ் என்பதே வழக்கம். அறுவை செய்பவர்கள் நாவிதர்களோடு ஒரே சங்கத்தில் இருந்து 1745இல் பிரிந்தவர்கள். பல்கலைக்கழகப் பட்டமும் அதனோடு வரும் ‘டாக்டர்’ என்பதும் அன்று அறுவை செய்யாத மருத்துவர்களுக்கே உரியதாயிருந்தன. அந்த ‘மிஸ்டர்’ இன்று அவர்களுக்குப் பெருமை. உங்களுக்கு வந்த கடிதத்தின் அடியில் அவர் எப்படிக் கையெழுத்திட்டிருக்கிறாரோ அப்படியே விளியுங்கள்.

முடிக்கும்போது ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள’ என்று எழுதி, கையெழுத்துக்குக் கீழே பெயரைத் தெளிவாகவும் கைபேசி எண்ணையும் எழுதுங்கள். உறையின் இடது மேல்மூலையிலும் உள்நோயாளி எண்ணை ஒருமுறை குறித்துவிடுங்கள்.