மகளின் குறைந்த தவணைப் புள்ளிகளும் அமெரிக்க விண்ணப்பமும்

அமெரிக்கக் கல்லூரி அனுமதிக்கான எஸ்ஏடி தேர்வில் மகளுக்கு 1600க்கு 1480. பாடசாலைத் தவணைப் புள்ளிகளோ அறுபது, எழுபது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பாடசாலைப் புள்ளிகளைத்தான் பெரிதாகப் பார்க்கும்.

இலங்கையில் 75 எடுத்தாலே ஏ. அமெரிக்கப் பாடசாலைகள் பலவற்றில் 75 என்றால் சி! திருகோணமலைப் பிள்ளை மந்தம் என்றல்லவா நினைப்பார்கள்? அதனால் பாடசாலை அதிபரிடம் புள்ளித் தர விளக்கத்தைக் கடிதமாக வாங்கி, புள்ளிப் பட்டியலோடு அனுப்பவைத்தேன். இதுதான் மிக முக்கியமான வேலை என்பேன்.

தரம் 10 இல் புள்ளிகள் சரிந்ததற்கு அவளுடைய அப்பாவின் நோய் காரணம். பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப்பில் மேலதிகத் தகவலுக்கென்று ஒரு பகுதி உண்டு. அதில் அவளே நாலு வரியில், புலம்பாமல் எழுதினாள். அப்புறம் அவள் மீண்டு வந்ததை வகுப்பு ரீச்சர் பரிந்துரைக் கடிதத்தில் சொன்னார். எஸ்ஏடியைக் கட்டாயமாகக் கேட்கும் இடங்களுக்கே முதலில் விண்ணப்பித்தோம். டார்ட்மத் என்ற அமெரிக்கக் கல்லூரி 2024 இல் அந்த விதியை மீண்டும் அறிவித்தது. ஒரு கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்துவிட்டது.