எரிமலைச் செய்திகளில் நாம் எங்கே சறுக்குகிறோம்?

'உலகம் முழுக்க எரிமலைகள் ஒரே நேரத்தில் வெடிக்கின்றன, பூமிக்கு என்னமோ ஆகிவிட்டது' என்று அவ்வப்போது ஒரு செய்தி சுற்றுக்கு வரும். எந்த நாளை எடுத்தாலும் சுமார் 20 எரிமலைகள் சீறிக்கொண்டுதான் இருக்கும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உலக எரிமலைத் திட்டம் வைத்திருக்கும் பட்டியலில் இன்னும் அதிகம், 40 முதல் 50 வரை இருக்கும். இரண்டு வெடிப்புகளுக்கு நடுவே மூன்று மாத இடைவெளி விழாதவரை அதைத் 'தொடரும் சீற்றம்' என்றே அங்கே கணக்கு வைக்கிறார்கள். ஆகவே அந்த எண்ணைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. பசிபிக் கடலைச் சுற்றி எரிமலைகள் நிறைந்த பட்டையான 'நெருப்பு வளையம்' சுமார் 40,000 கிலோமீட்டர் நீளம். ஆகவே அதில் ஜப்பானில் ஒரு மலை வெடித்ததால்தான் சிலியில் இன்னொன்று வெடித்தது என்று முடிச்சுப் போடுவதும் வீண்.

அடுத்தது, வெடிப்பின் அளவை ஆபத்தின் அளவாக எடுத்துக்கொள்வது. எரிமலை வெடிப்புக் குறியீடு 0 முதல் 8 வரை போகிறது. வெளியே தள்ளப்பட்ட சாம்பல், பாறைத்துகள்களின் கன அளவுதான் அதற்கு முக்கிய அடிப்படை. எத்தனை பேர் கீழே குடியிருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினடுபோ வெடித்தது குறியீடு 6. அந்தப் பகுதியிலிருந்து பல்லாயிரம் பேரை முன்கூட்டியே வெளியேற்றியிருந்ததால் உயிரிழப்பு சில நூறுகளோடு நின்றது. அதிலும் பலர், புயல் மழையில் நனைந்து கனத்த சாம்பலைத் தாங்காமல் கூரை சரிந்ததால் இறந்தவர்கள். 1985-இல் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் வெறும் 3. ஆனால் அதன் உச்சியில் பனிப்பாறை இருந்தது. உருகிய நீர் சேற்றையும் பாறைகளையும் வாரிக்கொண்டு பள்ளத்தாக்கு வழியே இறங்கியது. வெடிப்பு நடந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆன பிறகு, வெகு தூரத்தில் இருந்த ஆர்மேரோ நகரம் அந்தச் சேற்றில் புதைந்தது. மொத்தம் சுமார் 23,000 பேர் இறந்தார்கள். சேறு அந்தப் பக்கம் வரும் என்று காட்டும் ஆபத்து வரைபடம் அதற்கு முந்தைய மாதமே தயாராகியிருந்தது என்பதுதான் கொடுமை. குறியீட்டைத் தேடும் முன், உச்சியில் பனி உண்டா, ஆறுகள் எந்தப் பக்கம் இறங்குகின்றன என்று பாருங்கள்.

எச்சரிக்கை நிலைகளில் இன்னும் பெரிய குழப்பம். எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுகோல் என்று நினைத்துவிடுகிறோம். இந்தோனேசியாவின் டுகோனோ 1933 முதல் சீறிக்கொண்டே இருக்கிறது, சாம்பல் கக்குவது அதற்கு அன்றாட வேலை. ஆண்டுக்கணக்கில் அது இருந்துவந்தது நான்கு படிகளில் இரண்டாவதில். நியூசிலாந்தில் 2 என்றால் மலைக்குள் அமைதியின்மை கூடியிருக்கிறது, வெடிப்பு இன்னும் இல்லை என்று பொருள். 2019 டிசம்பர் 9 அன்று அங்கே வக்காரி தீவு அதே 2-இல் இருந்தபோதுதான் திடீரென வெடித்தது. தீவில் இருந்த 47 பேரில் 22 பேர் இறந்தனர். ஜப்பானின் ஒன்டாகே 2014-இல் வெடித்து, இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேரைப் பலிகொண்டபோது, அதன் நிலை 1. அதற்கு அன்று இருந்த விளக்கம் 'வழக்கமான நிலை'. பிறகு அந்த விளக்கத்தையே மாற்றி, 'இது உயிருள்ள எரிமலை என்பதை மனதில் கொள்ளவும்' என்று எழுதினார்கள். அப்புறம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரும் வண்ணக் குறியீடு விமானங்களுக்கானது. தரையில் இருப்பவர்களுக்கான எச்சரிக்கை நிலை வேறு.

நேரலைக் கேமராவும் நிலநடுக்கப் பதிவும் இப்போது யாருக்கும் திறந்தே கிடக்கின்றன. நல்லதுதான். ஆனால் குளிர்ந்த, ஈரமான காலையில் வழக்கமாக வரும் அதே நீராவி இன்னும் பெரிதாகத் தெரியும். மலையில் எதுவும் மாறியிருக்காது. இரவில் அதிக நேரம் ஒளியை வாங்கும் கேமரா, மங்கலான செம்மையைக்கூடத் தீப்பிழம்பு போலக் காட்டும். நிலநடுக்கப் பதிவில் கோடு தடித்துப்போனால் உடனே 'மாக்மா (நிலத்தடியில் உருகிய பாறைக்குழம்பு) ஏறுகிறது' என்று அறிவிக்க வேண்டாம். பலத்த காற்றும் அப்படித்தான் பதிவாகும். எங்கோ தொலைவில் வந்த பெரிய நிலநடுக்கத்தின் அலையும் அதே தாளில் விழும். மலையைச் சுற்றியுள்ள மற்ற நிலையங்களையும் திறந்து பாருங்கள். அதிர்வு மலையிலிருந்து வந்திருந்தால், அதற்கு மிக அருகே உள்ள நிலையத்தில் முதலில் பதிவாகும், பொதுவாக அங்கேதான் வலுவாகவும் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, மெதுவான அலையாக விழுந்திருந்தால் அது தூரத்து நிலநடுக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹேலி குப்பி வெடித்து, அதன் சாம்பல் இந்தியா வரை வந்தபோது, '12,000 ஆண்டுகளுக்குப் பின் விழித்தது' என்று தலைப்புகள் வந்தன. கடைசிப் பனியுகம் முடிந்ததிலிருந்து கணக்கிடும் காலம்தான் அந்தச் சுமார் 12,000 ஆண்டுகள். அந்தக் காலத்தில் அது வெடித்ததற்குப் பதிவு இல்லை, அவ்வளவுதான். ஆள் நடமாட்டம் குறைந்த பாலைநிலத்தில் வெடித்திருந்தாலும் எழுதிவைக்க யார் இருந்தார்கள்? அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் எரிமலை வெடிக்க வேண்டிய 'கெடு தாண்டிவிட்டது' என்பதும் இந்த வகைதான். அதன் மூன்று பெருவெடிப்புகளுக்கு நடுவே இருப்பது இரண்டே இடைவெளி. இரண்டை வைத்து என்ன சராசரி போடுவது?

கடைசியாக, எச்சரித்தும் வெடிக்காவிட்டால் விஞ்ஞானிகளைத் திட்டுவது. 2017 செப்டம்பரில் பாலியின் அகுங் மலைக்கு உச்ச எச்சரிக்கை விட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அக்டோபர் இறுதியில் நிலையைக் குறைத்தார்கள். நவம்பர் 21-இல் மலை வெடித்தது. இத்தாலியின் காம்பி ஃப்ளெக்ரே எரிமலைப் பகுதியில் 1982 முதல் 1984 வரை தரை சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது, பொஸ்ஸுவோலி நகரின் பழைய பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டார்கள். அங்கே வெடிப்பே வரவில்லை. அழுத்தம் கூடியது உண்மை, தரை உயர்ந்தது உண்மை. மேலே வராமல் நிலத்தடியிலேயே நின்றுவிடும் மாக்மா ஏராளம். அந்த இரண்டு இடங்களிலும் மக்களை நகர்த்தியது சரியான முடிவுதான்.