மண்டபத்தில் பிளாஷ் அடித்தால் பின்னால் கருப்பு நிழல் விழுகிறதா?

ரிசப்ஷன் மேடையில் பொண்ணும் மாப்பிள்ளையும் அழகாக நிற்கிறார்கள், ஆனால் படத்தில் பார்த்தால் பின்னால் உள்ள பூ அலங்காரத்தில் கருப்புத் தாளைக் கத்தரித்து ஒட்டினது மாதிரி இரண்டு நிழல். கேமரா மேல் மாட்டிய பிளாஷை நேராக அடித்தால் இப்படித்தான் வரும். பவரைக் குறைத்தால் நிழல் கொஞ்சம் வெளிறும், ஆனால் அதன் ஓரம் அப்படியே கூர்மையாக இருக்கும், ஏனென்றால் ஓரத்தை முடிவு செய்வது வெளிச்சம் வருகிற இடத்தின் அளவு. பிளாஷின் முகம் 3 அங்குலம்தான். மேகம் மூடிய நாளில் முழு வானமும் விளக்காகிவிடுவதால் நிழலே தெரிவதில்லை.

வீட்டில் பிளாஷை மேலே திருப்பிக் கூரையில் பட்டு வரவைப்போம், அது அருமையாக வேலை செய்யும். மண்டபத்தில் அதை நம்பாதீர்கள். 10 அடிக் கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தையும் 25 அடிக் கூரையில் பட்டுத் திரும்புவதையும் ஒப்பிட்டால், கேமரா 5 அடி உயரத்தில் இருக்கும்போது, தூரம் 4 மடங்கு ஆகிறது, வெளிச்சம் கிட்டத்தட்ட 16-ல் ஒரு பங்காகிவிடுகிறது. கூரை மரமாகவோ கலர் பெயிண்ட்டாகவோ இருந்தால் அந்த நிறமும் முகத்தில் ஏறும். பிளாஷ் மேல் மாட்டுகிற வெள்ளை பிளாஸ்டிக் மூடியும் அப்படித்தான், பக்கத்தில் சுவர் இருந்தால்தான் அதற்குப் பலன், மண்டபத்தில் பேட்டரிதான் தீரும்.

முதலில் மண்டபத்து வெளிச்சத்தையே வேலை செய்ய விடுங்கள். எஃப் 4 (லென்ஸ் திறப்பு), ஷட்டர் 1/100 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை கேமரா உணரும் அளவு) 1600-ல் ஆரம்பித்து, பிளாஷ் இல்லாமல் எடுத்தால் படம் ஒரு ஸ்டாப் மட்டும், அதாவது தேவையான வெளிச்சத்தில் பாதியாக, இருட்டாக வரும் வரை ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், 3200 போனாலும் பயப்பட வேண்டாம். அப்புறம் பிளாஷை மைனஸ் 1-ல், அதாவது வழக்கமான பவரில் பாதியில், சேர்த்தால் போதும், நிழல் விழும் இடத்தில் மண்டபத்து வெளிச்சமும் போய் நிரப்பிவிடும். ஷட்டர் 1/100 அல்லது 1/50 என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும், வேறு வேகத்தில் படத்தில் பட்டை பட்டையாக விழலாம். மஞ்சள் விளக்கு என்றால் பிளாஷ் மேல் ஆரஞ்சு ஜெல் (கலர் கண்ணாடித் தாள்) ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் முகம் ஒரு நிறம், பின்னணி ஒரு நிறம்.

அடுத்தது, பலர் கேட்கவே தயங்குவது. அலங்காரக்காரர் சோபா போடும்போதே பக்கத்தில் நின்று, பின்னால் உள்ள அலங்காரத்திலிருந்து 4, 5 அடி முன்னால் போடச் சொல்லுங்கள். விளக்கு உயரத்தில் இருந்தால் நிழல் கீழே இறங்கித் தரையில் விழுந்துவிடும், படத்தில் வராது. இது காசில்லாத வழி, என்னைக் கேட்டால் இதுதான் முதல் வழி.

முடிந்தால் பிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றிவிடுங்கள். ஒரு ட்ரிக்கர் (தள்ளி இருக்கும் பிளாஷை வயரில்லாமல் அடிக்கவைக்கும் கருவி), ஒரு ஸ்டாண்டு, 43 அங்குல வெள்ளைக் குடை. பக்கவாட்டில் 45 டிகிரியில், தலைக்கு மேலே, 7, 8 அடி தூரத்தில் வையுங்கள். தள்ளிப் போகப் போகக் குடையும் சின்ன விளக்காகிவிடும், அதனால் 15 பேர் நிற்கும் குடும்பப் படத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வேண்டும். ஆட்கள் மேடை ஏறுகிற படிப் பக்கம் ஸ்டாண்டு வைக்காதீர்கள், குழந்தைகள் ஓடுவார்கள், மேலே விழுந்தால் ஆபத்து. மேடைக்குக் கீழே தரையில் வைத்து ஸ்டாண்டை உயர்த்துங்கள், காலில் மணல் மூட்டை போடுங்கள்.

முகூர்த்தத்தில் இதெல்லாம் நடக்காது, சுற்றி உறவுக்காரர்கள் நெருக்கி நிற்பார்கள். அப்போது உதவியாளர் கையில் இரண்டடிக்கு மூன்றடி தெர்மாகோல் அட்டையைக் கொடுத்து உங்கள் இடது தோளுக்கு மேலே பிடிக்கச் சொல்லி, பிளாஷ் தலையை அதன் பக்கம் திருப்புங்கள். கொஞ்சம் பவர் போகும், ஏற்றிக்கொள்ளலாம். தாலி கட்டும் நேரத்துக்கு முன்பே, யாராவது ஒருவரை மணையில் உட்காரவைத்து இரண்டு படம் எடுத்து, மூக்குக்குக் கீழே விழும் நிழலின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு மாதிரி இருந்தால் அட்டையை உட்கார்ந்திருப்பவருக்கு இன்னும் கிட்டே கொண்டுபோகச் சொல்லுங்கள்.