பழைய ஃபைபர் படகு: ஒட்டுப்போடுவதா, மாற்றுவதா?

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் பல கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. ஒரு படகு பழசானதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, 'வாங்கி எத்தனை வருஷம்?' அங்கேயே தவறு தொடங்கிவிடுகிறது. மேட் என்னும் கண்ணாடி இழை விரிப்பையும், அதை இறுக்கும் பிசினான ரெசினையும் குறைக்காமல் அடுக்கடுக்காகப் பொறுமையாகப் போட்ட படகு வருடக்கணக்கில் உழைக்கும். மிச்சம் பிடித்துப் போட்டது சீக்கிரமே தளர்ந்துவிடும். வயதைவிட உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

வெளித்தோற்றமும் ஏமாற்றும். ஜெல்கோட் என்னும் வழவழப்பான வெளிப்பூச்சில் மயிரிழை போல ஓடும் கீறலைப் பார்த்துப் பயப்படுகிறோம். ஆனால் புதுப் பெயின்ட் அடித்த படகை நம்பிவிடுகிறோம். சின்னச் சுத்தியலின் பிடியால் அடிப்பக்கம் முழுவதும் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் 'டக்'கென்று கணீரெனக் கேட்கும். அடுக்கு விட்டுப்போன இடத்தில் 'தொப்'பென்று செத்த சத்தம் வரும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அங்கொன்று இங்கொன்று என்றால் ஒட்டுப்போடலாம். அடிப்பக்கம் முழுக்கச் சாக்பீஸ் வட்டங்களாக இருந்தால் அந்தப் படகில் பணம் போட வேண்டாம்.

அதிகம் பேர் தவறவிடுவது மோட்டார் மாட்டும் பின்பலகையை. பல படகுகளில் அதற்குள் பிளைவுட் இருக்கும். போல்ட் ஓட்டை வழியே தண்ணீர் இறங்கினால், வெளியே ஃபைபர் பளபளவென்று இருக்க உள்ளே மரம் மக்கிக்கொண்டே போகும். மோட்டாரைத் தூக்கி நிறுத்தி, அதன் மேல் கையை ஊன்றி அழுத்திப் பாருங்கள். பலகை அசைந்தாலோ போல்ட் ஓரத்தில் பழுப்பு நீர் கசிந்தாலோ, கடலுக்குப் போகவே கூடாது. நடுக்கடலில் பலகை பிய்ந்தால் மோட்டாரோடு உயிரும் போகும். படகின் உடம்பு நன்றாக இருந்தால் பலகையை மட்டும் மாற்றலாம். அதற்காகப் படகையே கழிக்க வேண்டியதில்லை. அப்புறம், கரையேற்ற முன்பைவிட அதிக ஆள் தேவைப்படுகிறதா என்று கவனியுங்கள். மிதப்புக்காக உள்ளே வைத்திருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்திருக்கலாம்.

சரி, ஒட்டுப்போடுவது என்று முடிவாகிவிட்டது. ஓட்டையின் மேல் நேராக மேட் ஒட்டுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. பழைய ஃபைபரோடு புது ரெசின் ஒன்றாகக் கலப்பதில்லை, மேலே கவ்விப் பிடிப்பதோடு சரி. அதனால் பெயின்டையும் ஜெல்கோட்டையும் தேய்த்தெடுத்து, தடிமனைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாக இழைக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் தடிமனுக்கு, சுற்றிலும் 60 மில்லிமீட்டர். ஈரம் துளியும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். முன்பு எப்பாக்ஸி பசை அப்பியிருந்தால் முழுக்கச் சுரண்டிவிடுங்கள். அதன் மேல் சாதாரண ரெசின் சரியாகப் பிடிக்காது. இழைக்கும்போது முகமூடி கட்டாயம்.

செலவுக் கணக்கில், பழைய மோட்டாரும் வலையும் புதுப் படகுக்கும் உதவும் என்பதை மறந்துவிடுகிறோம். வெற்றுப் படகின் விலையோடுதான் ரிப்பேர் செலவை ஒப்பிட வேண்டும். தொழிலுக்குப் போகாத நாட்களையும் அதில் சேருங்கள்.

மாற்றுவதென்றால் பழையதைக் கரையில் கொளுத்தாதீர்கள். ரெசின் புகை நஞ்சு. கண்ணாடி இழை எரியாமல் மணலில் கிடக்கும். வலை இழுப்பவர்கள் காலில்தான் ஏறும்.