மார்கழியில் கோத்தகிரிக்கு ஒரு நாள் பைக் பயணம்: வண்டியையும் உடம்பையும் தயார்படுத்துவது எப்படி?

கோயம்புத்தூர்வாசிகளுக்கு டிசம்பரும் ஜனவரியும் வண்டி ஓட்டுவதற்கென்றே வாய்த்த மாதங்கள். வெயில் முதுகைச் சுடாது. சிக்னலில் நின்றால் என்ஜின் சூடு காலில் அடிக்காது. மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரிக்கு ஏறி, கோடநாடு காட்சிமுனையைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். போக வரச் சுமார் 175 கிலோமீட்டர். அலுவலகத்துக்கு ஓட்டும் அதே 125 சிசி வண்டியில்தான் நான் போகிறேன். மலைக்குப் போக 350 சிசி வேண்டும் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நன்றாக அமைவதும் பாதியில் நிற்பதும் திங்கள் முதல் சனி வரை வண்டியை எப்படி வைத்திருந்தோம் என்பதைப் பொறுத்தது.

வாரநாட்களில் கவனிக்க வேண்டியவை

வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் தூரம் என்றால், இந்தப் பருவத்தில் ஒருமுறை ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கலங்கிய மோர்போல வெளிர்மஞ்சளாக ஏதோ அப்பியிருக்கும். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டனைக் கடந்து கீழே கசிந்து, சூடேறாத என்ஜினின் உட்சுவரில் நீராகப் படிந்து ஆயிலோடு கலந்துவிடுகிறது. என்ஜின் நன்றாகச் சூடாவதற்குள் நாம் அலுவலகம் போய் நிறுத்திவிடுவதால் அந்த நீர் ஆவியாகி வெளியேற வழியில்லை. இதற்காக மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் அவிநாசி சாலையில் நிற்காமல் ஓட்டினால் போதும், தானாகவே தெளிந்துவிடும். நீண்ட தூரம் ஓட்டிய பிறகும் அந்தக் களிம்பு மறையவில்லை என்றால், அதிலும் வண்டி என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஊற்றும் வகை என்றால், உடனே காட்டிவிடுங்கள்.

குறுகிய ஓட்டம் மட்டுமே ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பி ஆயில் மாற்றக் கூடாது. கையேட்டில் உள்ள மாதக் கணக்கையும் பாருங்கள். ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண் கையேட்டில் 10டபிள்யூ-30 என்றால் அதையே ஊற்றச் சொல்லுங்கள். கடையில் டிரம்மில் இருப்பது 20டபிள்யூ-40 ஆக இருக்கலாம். குளிர்ந்த காலையில் அது மேல்பாகத்துக்கு ஏறச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கும். "எல்லாம் ஒன்றுதான் மேடம்" என்பார்கள். ஒன்றல்ல.

அடுத்தது பேட்டரி. 2017 ஏப்ரல் முதல் விற்பனையான வண்டிகளில் என்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட்டும் எரிந்துகொண்டே இருக்கும். குறுகிய ஓட்டம், ஓயாத விளக்கு, குளிர்ந்த காலை மூன்றும் சேர்ந்தால் ஏற்கெனவே தளர்ந்த பேட்டரி தன் வயதைக் காட்டிவிடும். இரவு முழுக்க ஓய்ந்திருந்த வண்டியில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றுங்கள்; ஏற்றியும் மறுநாளே இறங்கினால் மாற்றிவிடுங்கள். மல்டிமீட்டர் இல்லாதவர்கள் செல்ஃப் ஸ்டார்ட்டின் ஒலியைக் கேட்டாலே தெரிந்துகொள்ளலாம். கிக்கர் உள்ள வண்டி என்றால் வாரம் ஒரு முறையாவது உதைத்துக் கிளப்புங்கள். தேவைப்படும் நாளில் அது துருப்பிடித்து இறுகியிருந்தால் என்ன பயன்?

சனிக்கிழமை மாலை

செயினுக்கு ஒதுக்கும் இருபது நிமிடம்தான் இந்த மாலையின் முக்கிய வேலை. வண்டி ஓடி வந்த சூட்டோடு செய்வது நல்லது. வெதுவெதுப்பான செயினில் எண்ணெய் உள்ளே இறங்கும். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் வைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். கீழே பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து, சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றியபடி செயினின் நான்கு பக்கமும் தேயுங்கள். கறுப்புப் பசை கரைந்து சொட்டும். துணியால் துடைத்து, உலரவிட்டு, 90 எண் கியர் ஆயிலை செயினின் உட்பக்கத்தில், ரோலர்களின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தில் மிச்சமிருப்பதைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் மறுநாள் அது சக்கர ரிம்மிலும் உங்கள் சுடிதாரிலும்தான் இருக்கும். ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்கள் வைத்த செயினுக்குப் பெட்ரோல் வேண்டாம், ரப்பரைக் கெடுத்துவிடும். என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுழலும் செயினைத் துணியால் பிடித்துத் துடைப்பவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். விரல் போவதற்கு ஒரு நொடி போதும்.

தளர்வையும் அப்போதே பார்த்துவிடலாம். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளினால் சாதாரண வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் அசைய வேண்டும். உங்கள் வண்டிக்கான அளவு பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டிய தாளிலோ கையேட்டிலோ இருக்கும். சக்கரத்தைச் சுற்றி இரண்டு மூன்று இடங்களில் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கம், இன்னோரிடத்தில் தளர்வு என்றால் செயின் சீராகத் தேயவில்லை என்று பொருள். அதை மலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பிரேக் கட்டையின் தடிமன், பிரேக் ஆயிலின் அளவு, விளக்குகள், ஹாரன் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது பிடி கைவிடுவது அதனால்தான். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

இ-பாஸையும் அன்றே எடுத்துவிடுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். கைப்பேசியிலேயே எடுக்கலாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

என்ன உடுத்துவது?

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குள் ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரம் ஏறுகிறோம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆக, அடிவாரத்தைவிட மேலே ஒன்பது பத்து டிகிரி குறைவு. அதோடு வண்டியின் வேகம் தரும் காற்றும் சேரும். ஒரே தடித்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம் நடுங்குகிறார்கள், ஏனென்றால் கம்பளிக்குள் காற்று நுழைந்துவிடும். மெல்லிய பருத்தி, அதன் மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றுப் புகாத ஒன்று வேண்டும். விலை உயர்ந்த ஜாக்கெட் இல்லையா? மழைக்கோட்டின் மேல்சட்டை அந்த வேலையைச் செய்யும். மழைக்கோட்டும் இல்லையென்றால் நெஞ்சுக்கு நேராக உள்ளே இரண்டு தாள் செய்தித்தாள்.

துப்பட்டாவை ஜாக்கெட்டுக்குள் முழுவதும் செருகி ஜிப்பை மூடுங்கள். பின்னால் உட்காருபவர் சேலை என்றால் முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்ட பிறகே வண்டி நகர வேண்டும். ஹெல்மெட்டுக்குள் கம்பளிக் குல்லாய் வேண்டாம், ஹெல்மெட் தலையில் சரியாகப் பொருந்தாது; மெல்லிய பருத்தி முகமூடி போதும். கையுறையைப் போட்டுக்கொண்டு ஹாரனும் இண்டிகேட்டரும் விரலுக்குத் தட்டுப்படுகின்றனவா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். ஹெல்மெட் கண்ணாடியின் உட்பக்கத்தில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, கழுவாமல், உலர்ந்த துணியால் தெளியும்வரை தேய்த்தால் மூச்சுக்காற்றில் எளிதில் மங்காது.

ஞாயிறு காலை

விடியும்முன் கிளம்பும் வீரம் இந்தப் பாதைக்குத் தேவையில்லை. வழியிலுள்ள குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் சாலையைக் கடக்கும் இடம். பனி மூடிய வளைவில் யானையைச் சந்திக்கும் ஆசை எனக்கு இல்லை. ஏழு மணிக்கு வீட்டை விட்டால் போதும்.

டயர் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். ஐந்து கிலோமீட்டர் ஓட்டி பங்கில் நிறுத்திப் பார்த்தால் சூட்டில் அளவு கூடுதலாகவே காட்டும். என் வண்டிக்கு முன்னே 25 பிஎஸ்ஐ, பின்னே 29; பின்னால் ஆள் இருந்தால் 33. கோடையில் நிரப்பிய காற்று, பத்து டிகிரி குறைந்தால் ஒன்று ஒன்றரை பிஎஸ்ஐ தானாகவே இறங்கியிருக்கும். மேலே போனதும் காற்றைக் குறைக்கச் சொல்லும் யோசனையைக் காதில் வாங்காதீர்கள். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கருவி சற்று அதிகம் காட்டும், குளிர் அதைச் சற்றுக் குறைத்துக் காட்டும்; இரண்டும் ஏறக்குறைய ஈடுகட்டிவிடும்.

பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த புதிய வண்டியில் சாவியைத் திருப்பி, பெட்ரோல் பம்ப் ரீங்கரித்து அடங்கி, என்ஜின் விளக்கு அணைந்த பிறகு ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் சோக் இழுத்துக் கிளப்பி, ஓட்டம் சீரானதும் மறக்காமல் தள்ளிவிடுங்கள். வாசலில் நிறுத்திப் பத்து நிமிடம் உறுமவிடுவது பெட்ரோலுக்கும் கேடு, பக்கத்து வீட்டாரின் தூக்கத்துக்கும் கேடு. அரை நிமிடம் போதும். முதல் இரண்டு கிலோமீட்டரை முறுக்காமல் ஓட்டினால் என்ஜின் ஓடியபடியே சூடேறிவிடும். பனியில் நின்ற வண்டியின் டிஸ்க்கில் மெல்லிய துரு படிந்திருக்கும்; ஈரம் இறங்கிய டிரம் பிரேக் முதல் அழுத்தலில் வெடுக்கென்று பிடிக்கும். தெருமுனை தாண்டும்முன் இரண்டு பிரேக்கையும் லேசாக நான்கைந்து முறை அழுத்திப் பாருங்கள்.

மலையில்

உயரம் ஏற ஏற என்ஜினின் இழுவை குறையும். கோத்தகிரி உயரத்தில் ஆறில் ஒரு பங்கு வரை காணாமல் போயிருக்கும். பின்னால் ஆளிருந்தால் கொண்டை ஊசி வளைவில் முதல் கியருக்கு இறங்கத் தயங்க வேண்டாம். வெயில் படாத வளைவுகளில் சாலை பத்து மணிக்கும் ஈரமாகவே இருக்கும், சில்வர் ஓக் இலைகளும் நனைந்து கிடக்கும். அங்கே முன் பிரேக்கைத் திடீரென்று பிடிக்காதீர்கள். மூடுபனியில் ஹெட்லைட்டை டிப் செய்யுங்கள், பிரைட் போட்டால் பனி வெள்ளைச் சுவராகி எதுவும் தெரியாது. தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை மேய்ந்துகொண்டிருந்தால் தூரத்திலேயே நின்று, ஹாரன் அடிக்காமல், அது போகும்வரை காத்திருங்கள்.

மேலே பார்க்க நேரமிருந்தால், கன்னேரிமுக்கில் அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய பங்களா கோத்தகிரியிலிருந்து சில நிமிட தூரம். டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வரும் ஹெத்தையம்மன் திருவிழா நாட்களில் பேரகணிப் பக்கம் வெள்ளை உடுத்திய படுகர் இன மக்கள் கூட்டமாக வருவார்கள். அன்று அந்தச் சாலையில் அவசரப்படக் கூடாது. முடிந்தால் வேறு நாள் போகலாம். வர்க்கியும் தேநீரும் எங்கே சாப்பிட்டாலும் நன்றாகத்தான் இருக்கும்.

மூன்றரைக்குள் இறங்கத் தொடங்குங்கள். ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் விதி. பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுபவர்கள், பிரேக் கட்டை கருகும் வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் கணக்கைத் திருத்துகிறார்கள். என்ஜினே வேகத்தைப் பிடித்து வைக்கட்டும், பிரேக்கை வளைவுக்கு முன் மட்டும் அழுத்தி விடுங்கள். மேலே ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். பஸ்ஸோ தேயிலை லாரியோ தெரிந்தால் வளைவுக்கு இப்பாலேயே ஓரம் கட்டி நின்றுவிடுவது நல்லது.

வீடு திரும்பியதும்

பனியில் நனைந்த செயினை அப்படியே விட்டால் மறுநாள் காலை செந்நிறம் தட்டியிருக்கும். சூடு ஆறும்முன் துணியால் துடைத்து, நான்கு சொட்டு கியர் ஆயில் விடுங்கள். ஐந்து நிமிட வேலை. தண்ணீர் அடித்துக் கழுவுவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், ஏனென்றால் காலி இடத்தில்தான் ஈரம் சேரும்; எத்தனால் கலந்த பெட்ரோல் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஜாக்கெட்டையும் கையுறையையும் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி மின்விசிறிக்குக் கீழே தொங்கவிடுங்கள். வண்டிப் பெட்டிக்குள் சுருட்டி வைத்தால் அடுத்த சனிக்கிழமை பூஞ்சை பூத்திருக்கும்.